ஹெல்மெட் கேமராவோடு நான்கு வருடம்: பாலமதி இறக்கம் படத்தில் எங்கே போனது?

வேலூரை ஒட்டிய பாலமதி மலையில் முருகன் கோயிலுக்குக் கொஞ்சம் கீழே, தார்ச்சாலையை விட்டு விலகி ஓர் ஒற்றையடிப் பாதை இறங்குகிறது. ஆடு ஓட்டிப் போகிறவர்கள் நடந்து நடந்து உண்டான பாதை. முதலில் சரளை, அப்புறம் ஒரு வழுக்குப் பாறை, பாறை முடிந்த கையோடு வலது பக்கம் வெட்டித் திரும்பியாக வேண்டும். திரும்பாவிட்டால் முள்ளுக்காடு. மூன்று மாதம் அந்தப் பாறை வந்ததும் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை இறங்காமல் ஓட்டிவிட்டேன். ஹெல்மெட்டில் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து குளிக்கக்கூட இல்லாமல் மெமரி கார்டைக் கழற்றி டிவியில் போட்டேன். மனைவியும் மகளும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். ஓடி முடிந்தது. மகள் கேட்டாள்: "அப்பா, இறக்கம் எப்போ வரும்?"

2021 ஆகஸ்டில் இந்தக் கேமராவை வாங்கியதிலிருந்து அந்தக் கேள்விக்குத்தான் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். வாங்கலாமா என்று என்னிடம் கேட்கிறவர்களும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கிறார்கள். படம் தெளிவாக வருமா, பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும் என்று ஆரம்பிப்பார்கள். இரண்டு மாதம் கழித்து, "அங்கே இருந்த பயம் படத்தில் இல்லையேண்ணா" என்பார்கள். அதனால் என் அனுபவத்தை விரிவாகவே எழுதுகிறேன். கேமரா எந்தக் கம்பெனி என்பதை விட்டுவிடுகிறேன். நான் சொல்லும் நிறை குறையில் பெரும்பகுதி, இந்த வகைக் கேமரா எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

முதலில் எங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஞாயிறு காலையில் சேர்ந்து ஓட்டுகிற ஏழெட்டுப் பேர். சத்துவாச்சாரி, காட்பாடி, பாகாயம் என்று ஆளுக்கொரு மூலையிலிருந்து ஐந்து மணிக்குக் கிளம்பி ஓட்டேரிப் பக்கம் ஒரு டீக்கடையில் சேருவோம். பெரும்பாலும் பாலமதி. மாதத்துக்கு ஒருமுறை அமிர்தி தாண்டி ஜவ்வாது மலைப் பக்கம், இல்லையென்றால் ஏலகிரி. பந்தயத்துக்குப் போகிறவர் எங்களில் யாரும் இல்லை. கேமரா, உதிரி பேட்டரி இரண்டு, கார்டு, மார்பில் கட்டும் பட்டை, கேமராவைப் பிடித்து நிறுத்த ஹெல்மெட்டில் ஒட்டும் மவுண்ட் எல்லாம் சேர்த்து அப்போதே 40 ஆயிரத்தைத் தாண்டியது. எங்கள் கூட்டத்தில் சிலருடைய சைக்கிள் விலையே அதைவிடக் குறைவு. அந்தத் தொகையை மனதில் வைத்துக்கொண்டுதான் ஒவ்வொன்றையும் எடை போட்டேன்.

இந்த வகைக் கேமராவின் பிறப்பை நினைத்தால் அதன் ஆசை என்னவென்று புரியும். இந்த வகைக் கேமராவுக்குப் பேர்போன கோப்ரோ கம்பெனியைத் தொடங்கிய நிக் வுட்மன் கடலலைச் சறுக்குப் பைத்தியம். அலையின் மேல் தான் நிற்பதைக் கிட்டத்திலிருந்து படம் பிடிக்க வழியில்லையே என்ற ஏக்கத்தில் 2002-ல் கம்பெனி ஆரம்பித்தார். 2004-ல் வந்த முதல் கேமரா 35 மி.மீ. ஃபிலிம் போடுகிறது, மணிக்கட்டில் கட்டிக்கொள்வது. கரையில் நிற்கிற ஒருவர் எடுத்துத் தரவேண்டிய படத்தை, ஆடுகிறவனே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் ஆசை. ஹெல்மெட்டுக்கு ஏறியதும் அது இன்னொரு படி போனது. என்னை மற்றவர் பார்ப்பதற்குப் பதில், நான் பார்ப்பதை மற்றவர் பார்க்கலாம். அந்த வாக்குறுதியை நம்பித்தான் நானும் வாங்கினேன். அதில் பாதி உண்மை. மீதிப் பாதியைத்தான் என் மகள் கேட்டாள்.

சரிவு ஏன் மறைகிறது? பல மாதம் ஒரே இறக்கத்தை வேறு வேறு விதமாக எடுத்துப் பார்த்தபின் எனக்குப் புரிந்தது இது. இறங்கும்போது நம் தலையும் பாதையோடு சேர்ந்து கீழே சாய்கிறது. கேமரா தலையில் இருப்பதால் அதுவும் சாய்கிறது. அதனால் சரிவான தரை, படத்தில் நேரான தரையாக நம் முன்னால் விரிந்து கிடக்கிறது. அங்கே இறங்குகிறவனுக்கு உடம்பும் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பும் "கீழே போகிறாய்" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். சோபாவில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு அந்தச் செய்தி போவதில்லை. அடுத்தது அகன்ற லென்ஸ். பக்கத்தில் இருப்பதைப் பெரிதாக்கி, தூரத்தில் இருப்பதை இன்னும் தள்ளிச் சின்னதாக்கும். பாறைக்கு அடியில் இருக்கும் திருப்பம் கண்ணுக்கு மிரட்டலாக எதிரே நிற்கும். படத்திலோ அது எங்கோ இருக்கிற ஒரு புள்ளி. மூன்றாவது, ஆட்டத்தை அடக்கும் வசதி. 2018-க்குப் பிறகு வந்த நல்ல கேமராக்களில் இது அபாரமாக வேலை செய்கிறது. கை விட்டுப்போகும் அளவுக்கு ஹேண்டில் அதிர்ந்த இடம், படத்தில் ரயிலில் போவது போல வழுக்கிக்கொண்டு போகிறது. பார்ப்பதற்குச் சுகம்தான். ஆனால் அங்கே நடந்ததே அந்த அதிர்வுதான்.

இதில் நம் ஊர் மலைக்கே உரிய ஒரு சங்கதி உண்டு. பாலமதியின் சரிவுகள் பெரும்பாலும் வெட்டவெளி. மொட்டைப் பாறை, குட்டைப் புதர். பக்கத்தில் நேராக நிற்கும் மரம் இருந்தால்தான் தரை எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று கண் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். வேகமும் அப்படித்தான். பக்கவாட்டில் சர் சர்ரென்று பின்னால் போகும் பொருள்களை வைத்துத்தான் பார்க்கிறவர் வேகத்தை உணர்கிறார். ஜவ்வாது மலையில் மூங்கில் புதருக்கு நடுவே நான் நிதானமாகப் போன கிளிப்பைப் பார்த்தவர்கள் எல்லாம் "என்ன வேகம்!" என்றார்கள். அதைவிட இரண்டு மடங்கு வேகத்தில் பாலமதியில் இறங்கியதைப் பார்த்தவர்கள் கொட்டாவி விட்டார்கள். இது தெரிந்த பிறகு என் ஏமாற்றம் பாதி குறைந்தது.

சரி, ஹெல்மெட் உச்சியை விட்டு வேறு எங்கே வைக்கலாம்? மார்பில் கட்டிப் பார்த்தேன். ஹேண்டிலும் இரண்டு கையும் படத்துக்குள் வந்துவிடும். சைக்கிள் முன்பக்கம் முங்குவது தெரியும், முழங்கை மடங்கி நிமிர்வது தெரியும். தரைக்கும் கொஞ்சம் கிட்டே இருப்பதால் வேகமும் தெரியும். அதே வழுக்குப் பாறையை மார்பிலிருந்து எடுத்துக் காட்டியபோது மகள் முதல்முறையாக என் கையைப் பிடித்துக்கொண்டாள். மண் பாதை, கல், இறக்கம் என்றால் மார்புதான் என்று அன்று முடிவு கட்டினேன்.

ஆனால் ஏலகிரி அந்த முடிவைத் திருத்தியது. பொன்னேரியிலிருந்து ஏறும் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் மார்புக் கேமரா தடுப்புச் சுவரையே முறைத்துக்கொண்டிருக்கும். சைக்கிள் திரும்பிய பிறகுதான் சாலையைக் காட்டும். ஹெல்மெட் கேமரா அப்படி இல்லை. நல்ல ஓட்டுநர் வளைவுக்குள் நுழையும் முன்பே, தான் வெளியே வரப்போகும் இடத்தைத் தலை திருப்பிப் பார்த்துவிடுவார். தலை போகிற பக்கம் கேமராவும் போகும். எங்களில் மூத்த அண்ணன் ஒருவர், ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், என் ஏலகிரிப் படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நீ ஏம்பா வளைவுல எல்லாம் முன்சக்கரத்தையே பார்த்துட்டு வர்ற?"

தூக்கிவாரிப் போட்டது. திருப்பிப் போட்டுப் பார்த்தேன். 14 வளைவிலும் முன்சக்கரத்துக்கு மூன்று மீட்டர் முன்னால்தான் என் பார்வை நின்றிருந்தது. நாலு வருடத்தில் இந்தக் கேமரா எனக்குச் செய்த மிகப் பெரிய உபகாரம் அந்த ஒரு கேள்வி. ஹெல்மெட் கேமரா நீங்கள் பட்ட உணர்ச்சியைக் காட்டாது. நீங்கள் எங்கே பார்த்தீர்கள் என்பதை அச்சு அசலாகக் காட்டிவிடும். வழுக்குப் பாறையில் நான் ஏன் மூன்று மாதம் இறங்கித் தள்ளினேன் என்பதற்கும் விடை பழைய படங்களிலேயே இருந்தது. ஒவ்வொரு முறையும் என் தலை முள்ளுக்காட்டின் பக்கம் திரும்பியிருந்தது. எதைப் பார்க்கிறோமோ சைக்கிள் அங்கேதான் போகும் என்று பழகியவர்கள் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். என் தலையே அதைச் செய்வதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மாற்றிக்கொள்ள முடிந்தது. அடுத்த இரண்டு மாதம் ஒவ்வொரு வாரமும் ஏலகிரிக்குப் போய் இறங்கினேன். வீட்டுக்கு வந்து வளைவு வளைவாக நிறுத்திப் பார்த்தேன். இப்போது என் படத்தில் வளைவுக்கு முன்பே சாலை திரும்பிவிடுகிறது. யாருக்கும் காட்ட வேண்டிய படமில்லை அது. எனக்கு மட்டும் புரியும் படம். எனக்கு அது போதும்.

இனி தினப்படிச் சங்கடங்கள். பெரிய சங்கடம் வேலூர் வெயில்தான். கத்திரி வெயில் நாளில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. 4கே தரத்தில், நொடிக்கு 60 ஃபிரேம் வைத்து எடுத்தால் கேமராவே தனக்குள் சூட்டைக் கிளப்பும். ஓடிக்கொண்டிருக்கும்வரை எதிர்காற்று அதைக் குளிர்விக்கும். நிழலில்லாத இடத்தில் நின்று பத்து நிமிடம் பேசினால் போச்சு. மே மாதத்தில் 20 நிமிடத்துக்குள் சூட்டில் தானே அணைந்துபோனது பல தடவை. இப்போது வெயில் காலத்தில் அதைவிடக் குறைந்த தரமான 1080பி, நொடிக்கு 30 ஃபிரேம் மட்டும்தான். போனில் பார்ப்பதற்கு அது தாராளம். நிற்கும் இடத்தில் எல்லாம் அணைத்துவிடுவேன். பேட்டரி புதிதில் ஒன்றேகால் மணி நேரம் வந்தது. மூன்று வருடத்தில் முக்கால் மணிக்கு இறங்கிவிட்டது. பேட்டரியைக் கேமராவுக்குள்ளேயே விட்டு வெயிலில் நிற்கும் காரில் வைத்தது என் தவறு. நீங்கள் அப்படி வைக்காதீர்கள்.

சேமிப்பு அடுத்த தலைவலி. 60 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 60 மெகாபிட் என்ற அளவில் பதிவு செய்தால் மணிக்கு 27 ஜிபி. ஞாயிறுக்கு இரண்டு மணி நேரம் என்றால் 54 ஜிபி. 50 வாரத்துக்கு 2,700 ஜிபி. முதல் வருட முடிவில் ஹார்ட் டிஸ்க் நிரம்பி வழிந்தது. உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். அவ்வளவிலும் இரண்டாம் முறை பார்த்தது மூன்று மணி நேரம்கூட இருக்காது. கிளம்பும்போது பொத்தானை அழுத்திவிட்டு வீடு வந்து அணைக்கும் பழக்கத்தை அன்றே விட்டேன். இறக்கம் ஆரம்பிக்கும்போது ஆன், முடிந்ததும் ஆஃப். நிகழ்ந்த பிறகு பொத்தானை அழுத்தினாலும் அதற்கு முந்தைய 15 அல்லது 30 நொடியைப் பிடித்து வைக்கும் வசதி சில கேமராக்களில் உண்டு. வாங்குகிறவர்கள் அது இருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரியைக் கொஞ்சம் கூடுதலாகத் தின்னும், ஆனாலும் வேண்டியதுதான்.

மவுண்ட் ஒட்டுவதில் அவசரம் கூடாது. ஹெல்மெட்டை ஸ்பிரிட் வைத்துத் துடைத்து, வளைவான பகுதிக்கு வளைவான பட்டையே வைத்து ஒட்டி, ஒரு நாள் முழுக்க விட்டுவிட வேண்டும். காற்றுத் துளை இருக்கும் இடத்தில் பாதி ஒட்டியும் பாதி ஒட்டாமலும் வைத்துவிட்டுப் போனதால், ஒருமுறை உண்ணிச்செடிப் புதரில் மாட்டி மவுண்டோடு கழன்றது. சேர்த்துக் கட்டியிருந்த நைலான் கயிற்றில் தொங்கியதால் கேமரா பிழைத்தது. கோணம் இன்னொரு விஷயம். சைக்கிளில் குனிந்திருப்போம் என்பதை மறந்து, நின்றபடி கோணம் பார்த்து வைத்தால் படம் முழுக்கத் தரைதான் வரும். சைக்கிளில் ஏறி, ஓட்டுகிற நிலையில் உட்கார்ந்து, போனில் பார்த்துச் சரிசெய்யுங்கள். கிளம்பும் முன் லென்ஸைத் துடையுங்கள். ஒரு விரல்ரேகை போதும், முழுக் காலையும் பனி மூடியது போல ஆகிவிடும்.

சத்தத்தைப் பற்றிக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். வேகம் கூடினாலே காற்று மைக்கில் மோதி இரையும். அதை அடக்க ஸ்பாஞ்சு உறை போட்டேன், ஓரளவு பலன். ஏறும்போது கதை வேறு. மூச்சிரைப்பு, செயின் சத்தம், பின்னால் வருகிறவர் "விட்ராத, விட்ராத, இன்னும் ரெண்டே வளைவு" என்று சொல்வது எல்லாம் அருமையாகப் பதியும். இறங்கும்போது படம் நன்றாக இருக்கும், ஏறும்போது ஒலி நன்றாக இருக்கும். ஏற்றத்தை எடுத்த படங்களை இப்போது கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறேன்.

இருட்டில் இந்தக் கேமராவை நம்பிப் பயனில்லை. விடியும் முன் ஆலங்காயம் வழியாகக் காவலூருக்கு ஏறினோம். இருள் சுத்தமாக இருக்கிறது என்பதற்காகவே வானியல் ஆய்வாளர்கள் தேர்ந்தெடுத்த ஊர் அது. 1986-லிருந்து 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி அங்கே இருக்கிறது. நாங்கள் நின்ற இடத்தில் தலைக்கு மேல் நட்சத்திரம் கொட்டிக் கிடந்தது. என் கேமராவில் கிடைத்தது சாம்பல் நிறப் புள்ளிகள் கொதிக்கும் கறுப்புத் திரை. சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்ன சென்சாரிடம் அவ்வளவுதான் எதிர்பார்க்க முடியும். அன்று கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தேன்.

இப்போது ஒரு விபத்து. 2023 தொடக்கம், அதே பாலமதி. எங்கள் கூட்டத்தில் வயதில் சின்னவன், எல்லோருக்கும் தம்பி, என் முன்னால் போய்க்கொண்டிருந்தவன், வழுக்குப் பாறைக்குச் சற்று முன்னால் ஹேண்டிலைத் தாண்டித் தூக்கியெறியப்பட்டான். நினைவில்லை. நாங்கள் ஓடிப்போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டோம், அசையாமல் ஆழமாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தான், பிறகு கண் திறந்தான். மருத்துவமனையில் டாக்டர் கேட்ட முதல் கேள்வியே "எவ்வளவு நேரம் நினைவில்லாமல் இருந்தார்?" என்பதுதான். ஒருவர் பத்து நொடி என்றார், ஒருவர் இரண்டு நிமிடம் என்றார், எனக்கு ஐந்து நிமிடம் போலத் தோன்றியது. மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. என் மார்பில் இருந்த கேமரா ஓடிக்கொண்டே இருந்தது நினைவுக்கு வந்தது. போனில் போட்டு எண்ணினோம். விழுந்ததிலிருந்து "அண்ணா" என்று அவன் சொன்னதுவரை 50 நொடி. டாக்டர் அந்தப் பகுதியை வாங்கி இரண்டு முறை பார்த்தார், விழுந்தபோது தலை எந்தப் பக்கம் மோதியது என்பதையும் பார்த்துக்கொண்டார்.

தேறி வந்த பிறகு தம்பி, நாய் குறுக்கே வந்ததால் விழுந்தேன் என்றே எல்லோரிடமும் சொன்னான். அவன் மனதில் அப்படித்தான் பதிந்திருந்தது. படத்தில் நாய் இல்லை. சரளை மேல் முன் பிரேக்கை மட்டும் அழுத்திப் பிடித்தது தெரிந்தது, சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கியது தெரிந்தது. அவனிடம் காட்டலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். அவன் அம்மாவிடம் மட்டும் காட்டக்கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் காட்டினேன். அமைதியாகப் பார்த்தான். அடுத்த மாதம் ஓட்டேரிப் பக்கம் சரளைத் தரையில் பின் பிரேக்கையும் முன் பிரேக்கையும் எவ்வளவு எவ்வளவு பிடிப்பது என்று நாங்கள் எல்லோரும் சேர்ந்து பழகினோம். நாய் மேலேயே பழியைப் போட்டிருந்தால் அந்தப் பழக்கம் வந்திருக்காது.

அன்று அவன் ஹெல்மெட் வலது பக்கம் விரிசல் விட்டிருந்தது. வாங்கும்போது அவனும் கேமரா மாட்டலாம் என்று யோசித்த இடம் அதுதான். அந்த இடத்தில் ஒரு கெட்டியான கட்டி இருந்திருந்தால் என்ற எண்ணம் என்னைத் தூங்கவிடவில்லை. 2013 டிசம்பர் 29 அன்று கார்ப் பந்தய வீரர் மைக்கேல் ஷூமாக்கர் ஃபிரான்சில் மெரிபெல் பனிச்சரிவில் விழுந்தபோது அவர் ஹெல்மெட்டிலும் கேமரா இருந்தது. விசாரித்தவர்களுக்கு அந்தப் பதிவு சாட்சியாக உதவியது. அதே கேமரா காயத்தை மோசமாக்கியதா என்ற கேள்வியும் கூடவே எழுந்தது. அது நிறுவப்படவில்லை. இருந்தாலும் ஹெல்மெட் உருண்டையாக, வழவழப்பாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. விழும்போது தரையில் வழுக்கிப் போகவேண்டும், ஓரிடத்தில் குத்தி நின்று கழுத்தைத் திருகக்கூடாது. கடையில் வாங்கும் ஹெல்மெட்டைச் சோதித்தபோது அதன் மேல் கேமரா இல்லை. மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டில் கேமரா பொருத்துவதை எதிர்த்துக் கேரளப் போக்குவரத்துத் துறை 2022-ல் எச்சரிக்கை விட்டதும் இந்தக் கவலையில்தான். இப்போது ஹெல்மெட்டில் மாட்டுவதை ஏலகிரிச் சாலைக்கு மட்டும் வைத்திருக்கிறேன், அதுவும் இழுத்தால் கழன்றுவிடும் மவுண்டில். கல்லும் கிளையும் இருக்கும் இடத்தில் மார்புதான். துளையிட்டு ஸ்க்ரூ போட்டு மாட்டியவரை நானே பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

இன்னொரு ஆபத்து கேமராவுக்குள் இல்லை, அது ஓடுகிறது என்ற நினைப்பில் இருக்கிறது. அமிர்திப் பக்கம் ஓர் ஓடையில் இடுப்பு உயரத்துக்கு ஒரு படி. எப்போதும் சுற்றிக்கொண்டு போகிற இடம். அன்று பதிவு ஓடிக்கொண்டிருந்தது, பின்னால் இரண்டு பேர் வருகிறார்கள், குதித்துவிட்டேன். முழங்காலோடு போனது. கேமரா இல்லாத எந்த நாளிலும் நான் அதைக் குதித்திருக்க மாட்டேன் என்பது எனக்கு உறுதியாகத் தெரியும். அதிலிருந்து எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம். ஓர் இடத்தை முதல்முறை ஓட்டும்போது யார் கேமராவும் ஓடக்கூடாது. ஓட்டிப் பழகி, நிதானம் வந்தபிறகு எடுத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, எனக்கு மிகவும் உறுத்தலான விஷயம். ஜவ்வாது மலையில் ஒரு சின்ன ஊரில் தண்ணீர் கேட்டு நின்றோம். ஒரு பாட்டி சொம்பில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, சாமை விளைச்சல், பேரன் படிப்பு என்று பேசிக்கொண்டிருந்தார். அப்புறம் என் தலையைப் பார்த்தார்.

"அது இன்னா கண்ணு, லைட்டா?"

"இல்லம்மா, கேமரா."

"அப்ப நான் பேசுனது எல்லாம் அதுல இருக்குதா?"

இருந்தது. கையில் போனையோ பெரிய கேமராவையோ தூக்கினால் எதிரே இருப்பவருக்குத் தெரியும், முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், வேண்டாம் என்று சொல்லலாம். தலைமேல் இருக்கும் இந்தச் சின்னப் பெட்டி அவருக்கு அந்த வாய்ப்பையே தரவில்லை. அவர் முன்னாலேயே அணைத்து, போனில் காட்டி, அழித்தேன். "அளிச்சிட்டியா, சரி, தண்ணி இன்னும் வேணுமா?" என்று கேட்டார். அன்று இரவு மீதிப் பதிவைப் பார்த்தபோது இன்னொன்று கிடைத்தது. வழியில் ஓடை ஒன்றைத் தாண்டும்போது பெண்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். பார்த்ததும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அகன்ற லென்ஸின் ஓரத்தில் அவர்கள் நாலு நொடி இருந்தார்கள். அதையும் அழித்தேன். ஆனால் பார்க்காமலே முழுதாக எங்காவது ஏற்றியிருந்தால்? சில மாடல்கள் எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் குறிப்பையும் கோப்புக்குள்ளேயே எழுதி வைக்கும். ஊர்ப் பெயர் சொல்லாவிட்டாலும் இடம் தெரிந்துவிடும். இப்போது முதல் வீடு கண்ணில் பட்டதும் கேமராவைக் கழற்றிப் பைக்குள் போடுகிறேன். மலையூர்களுக்குச் சைக்கிளில் போகும் எல்லோரும் இதைச் செய்யவேண்டும். அவர்கள் வாசலில் நாம் விருந்தாளிகள்.

நாலு வருடத்தில் ஹார்ட் டிஸ்கை மூன்று முறை கழித்துக் கட்டினேன். இறக்கங்களில் பெரும்பகுதி போய்விட்டது. தம்பி விழுந்த பதிவை, அவனே கேட்டதால், டாக்டரிடம் காட்டிய பகுதியை மட்டும் அவனிடம் கொடுத்துவிட்டு அழித்தேன். ஏலகிரி வளைவுகளில் முதல் நாளும் கடைசி நாளும் இருக்கின்றன. ஏற்றங்களின் சத்தம் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலே வைத்திருப்பது விளையாட்டுப் பதிவே இல்லை. 2021 நவம்பர். கேமரா வாங்கி மூன்று மாதம். வாரக்கணக்கில் மழை. காலையில் ஓட்டக் கிளம்பியவன் பாலாற்றுப் பாலத்துக்கு வந்து நின்றுவிட்டேன். நாங்கள் எல்லோரும் மணலாகவே பார்த்து வளர்ந்த ஆறு கரைக்குக் கரை செந்நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பாலம் நெடுகக் கூட்டம். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நிற்கிறார்கள், குழந்தைகளைத் தூக்கிக் காட்டுகிறார்கள். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் யாரிடம் என்று இல்லாமல், "வந்துடுச்சு பாத்தியா, வந்துடுச்சு" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். 11 நிமிடம். தலையை நான் அசைக்கவே இல்லை. தண்ணீர் ஓடும் சத்தம் காற்றிரைச்சல் இல்லாமல் பதிந்திருக்கிறது. மகள் போடச் சொல்லிக் கேட்பது அதைத்தான்.